சாட்சிகளின் பெயரையும் படியுங்கள்: புதுச்சேரி, கடலூர் பதிவேடுகளில் முன்னோரைத் தேடும் முறை

முன்னோரைத் தேடி என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். “எங்கள் பூட்டனார் எந்த வருடம், எந்த ஊரில் பிறந்தார் என்று தெரிய வேண்டும் டீச்சர்.” பிறப்பை ஒதுக்கி வையுங்கள், முதலில் அவர் இறந்ததைத் தேடுங்கள் என்பேன். இறப்பு நமக்கு அருகில் இருக்கிறது. அதைப் பார்த்தவர்களோ, பார்த்தவர்களிடம் கேட்டவர்களோ இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். அடக்கம் செய்த இடம் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கும். ஒழுங்காக எழுதப்பட்ட இறப்புப் பதிவு ஒன்றில் இறந்தவரின் வயது, தாய் தகப்பன் பெயர், மனைவி அல்லது கணவன் பெயர், சில வேளைகளில் பிறந்த ஊர் என்று எல்லாமே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பிறப்புக்குப் போகலாம்.

நான் புதுச்சேரி நெல்லித்தோப்பில் வசிக்கிறேன். அரசுப் பள்ளியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவள். தகப்பனார் வழி புதுச்சேரி, தாய் வழி கடலூர் முதுநகர். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த காரணத்தால் அக்கம்பக்கத்தார் பழைய பத்திரங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். அப்படித் தொடங்கியதுதான் இந்த வேலை. இந்த இரண்டு ஊர்களின் பதிவேடுகளில் தேடுகிற எவருக்கும் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. நீங்கள் தேடும் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்து வராதீர்கள். அந்தப் பெயரைச் சுற்றி இருக்கும் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். இறப்பை அறிவித்தவர், சாட்சி நின்றவர், ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நின்ற ஞானத்தந்தை, ஞானத்தாய், பக்கத்துக் கல்லறையில் கிடப்பவர் என்று ஒருவரையும் விடாதீர்கள். அடுத்த தலைமுறைக்கான வழியைத் திறந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

முதல் தேடல் வீட்டில். அலமாரியின் அடியில் கிடக்கும் ஜெபப் புத்தகத்தின் உள்ளட்டையைப் பாருங்கள். குடும்பத்தில் நடந்த இறப்புகளைத் தேதியோடு அங்கே எழுதி வைப்பது பழைய வழக்கம். நினைவுத் திருப்பலிக்கு அச்சிட்ட அட்டைகள், பழைய படங்களின் பின்பக்கம், பாகப்பிரிவினைப் பத்திரம், கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘இன்னாரின் பேரனும் இன்னாரின் குமாரனுமாகிய’ என்று ஒரே வரியில் மூன்று தலைமுறை வந்துவிடும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்களில் ‘லிவ்ரே த ஃபமிய்’ என்ற குடும்பப் புத்தகம் இருக்கும். திருமணம், பிள்ளைகளின் பிறப்பு, இறப்பு எல்லாம் அதில் வரிசையாகப் பதிந்திருக்கும். அது உங்கள் வீட்டில் இருந்தால் பாதித் தூரம் கடந்துவிட்டீர்கள்.

பெரியவர்களிடம் வருடத்தைக் கேட்டால் பதில் வராது. சம்பவத்தைக் கேளுங்கள். “ஆயா, உங்கள் மாமனார் செத்தபோது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்ததா, நம் கொடியா?” என்று கேட்டால் 1954 நவம்பர் 1-க்கு முன்னா பின்னா என்பது தெரிந்துவிடும். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட காலமா, அரிசிக்கு ரேஷன் வந்த காலமா என்று கேட்கலாம். மூத்த பிள்ளை கைக்குழந்தையாக இருந்ததா என்றும் கேட்கலாம். அப்படி ஓர் ஐந்தாண்டு இடைவெளிக்குள் வந்துவிட்டால் பதிவேட்டைப் புரட்டுவது எளிது.

அடுத்து, அவர் இறந்தபோது அந்த ஊர் எந்த ஆட்சியில் இருந்தது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் தவறான அலுவலகத்தில் மாதக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் ஒன்று பிரெஞ்சு ஆட்சி, மற்றொன்று தென்னாற்காடு மாவட்டம், அதாவது ஆங்கிலேயரின் சென்னை மாகாணம். எல்லைக்கோடும் நேராக ஓடுவதில்லை. பிரெஞ்சு ஊர்கள் திட்டுத்திட்டாகக் கிடந்தன, இடையிடையே ஆங்கிலேயரின் ஊர்கள். பாகூரில் இறந்தவரின் பதிவு பிரெஞ்சில் இருக்கும். ஆற்றைத் தாண்டிக் கடலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்த அவருடைய தம்பியின் பதிவு தமிழிலோ ஆங்கிலத்திலோ வேறொரு தாலுகாவில் இருக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடக்கவில்லை. முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீடு போவாள். அதனால் புதுச்சேரிக்காரரின் மூத்த பிள்ளை கடலூர்க் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றிருப்பது மிகச் சாதாரணம். மூத்த பிள்ளையின் பதிவு கிடைக்கவில்லையென்றால் தாயின் ஊரில் தேடுங்கள்.

கத்தோலிக்கருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு ஊர்களும் ஒரே மறைமாவட்டம், அதாவது ஒரே ஆயரின் பொறுப்பில் இருப்பவை. 1886-ல் உயர்மறைமாவட்டமான புதுச்சேரி, 1953-லிருந்து ‘புதுவை கடலூர் உயர்மறைமாவட்டம்’ என்று பெயர் பெற்றது. அரசுப் பதிவு எல்லையில் முறிந்து போகும் இடத்தில் கோயில் பதிவு தொடர்ந்து செல்லும்.

கல்லறைக்குப் போங்கள். புதுச்சேரி நகரத்தில் என்றால் பெரும்பாலும் உப்பளம் பகுதியில் உள்ள கல்லறை. போக ஏற்ற நாள் நவம்பர் 2, எல்லா ஆன்மாக்களின் நினைவு நாள். அன்றைக்கும் அதற்கு முந்தைய நாட்களிலும் குடும்பம் குடும்பமாக வந்து கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். உங்கள் பூட்டனாரின் கல்லறைக்கு வேறு யாரோ பூ வைத்துக்கொண்டிருந்தால் அவர்கள் உங்கள் உறவு. வெட்கப்படாமல் அருகில் போய்ப் பேசுங்கள். என் தகப்பனாரின் ஒன்றுவிட்ட அத்தை வழிக் குடும்பத்தை நான் அப்படித்தான் அறிந்துகொண்டேன். அவர்கள் முத்தியால்பேட்டையில் இருக்கிறார்கள், நான் பல வருடமாக அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறேன்.

கல்லில் எழுத்து மங்கியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள். வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது, உச்சி வேளையில் தெரியாத எழுத்துகள் எழுந்து நிற்கும். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துச் சென்று வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி விடுங்கள். ஒரு கல்லை மட்டும் படம் எடுக்காமல் அந்த வரிசை முழுவதையும் எடுங்கள். ஒரு குடும்பத்தார் அடுத்தடுத்து இடம் வாங்கியிருப்பார்கள். மகள்கள் வேறு குடும்பப் பெயரில் இரண்டு கல் தள்ளிக் கிடப்பார்கள்.

பழைய கற்களில் தமிழ் எண்கள் இருக்கும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ஆகவே ௲௮௱௭௰௬ என்றால் 1876. சில கற்களில் இடமதிப்பு முறையில் ௧௮௭௬ என்றே இருக்கும். ௵ வருடத்தையும், ௴ மாதத்தையும், ௳ தேதியையும் குறிக்கும். ௸ என்றால் மேற்படி. தமிழ் வருடப் பெயர் மட்டும் வெட்டியிருந்தால் அறுபது ஆண்டுச் சுழற்சியை நினைவில் வையுங்கள். தாது வருடம் 1876-லும் வரும், 1936-லும் வரும். எது சரி என்பதைக் கல்லின் வேலைப்பாட்டையும் பக்கத்துக் கல்லின் தேதியையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பஞ்சத்தில் செத்தவர் என்று குடும்பத்தில் சொல்லியிருந்தால் அது முதல் தாது.

கல் இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம். ஏழைகளின் குழிமேல் மரச்சிலுவைதான் நட்டார்கள், சில மழைக்காலங்களில் அது போய்விடும். இடம் போதாத கல்லறைகளில் பழைய குழியை மறுபடி பயன்படுத்துவதும் வழக்கம். அப்படிப்பட்டவர்களுக்கு இருக்கும் ஒரே நினைவுச்சின்னம் பங்குக் கோயிலின், அதாவது அந்தப் பகுதிக்கான கிறிஸ்தவக் கோயிலின், அடக்கப் பதிவேடு.

பங்கு அலுவலகத்துக்கு ஞாயிறு போகாதீர்கள். தவக்காலத்தின் கடைசி வாரத்திலும், திருவிழா நாட்களிலும், திருமண ஓலை வாசிக்கும் நெருக்கடியிலும் போகாதீர்கள். வார நாள் ஒன்றில், முன்கூட்டியே பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். யாரைத் தேடுகிறீர்கள், அவர் உங்களுக்கு என்ன உறவு, எந்த ஆண்டுகளுக்கு இடையில் என்பது மூன்று வரியில் இருக்கட்டும். பதிவேட்டைக் காட்டுவதும் மறுப்பதும் அவருடைய உரிமை. உயிரோடு இருப்பவர்களின் விவரங்கள் அதே புத்தகத்தில் இருக்கும் என்பதால் அவர் தயங்குவது நியாயம்தான். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையையும் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரையும் மறந்துவிடாதீர்கள். எந்தப் புத்தகம் எந்தப் பீரோவில் இருக்கிறது, எது கரையான் அரித்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். பேனாவை மேசைமேல் வைக்கவே கூடாது, பென்சில் போதும். எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டுகிறவரை நான் கையைப் பிடித்தே தடுத்திருக்கிறேன்.

புதுச்சேரியில் எந்தக் கோயில் என்பதும் முக்கியம். ஐரோப்பியருக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் கப்புச்சின் குருக்கள் பணி செய்தார்கள். அதனால்தான் கடற்கரைப் பக்கத்துச் சம்மனசுகளின் அன்னை ஆலயத்தை இன்னும் கப்ஸ் கோயில் என்கிறோம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இயேசு சபையாரிடம் இருந்தார்கள். அந்தச் சபை 1773-ல் கலைக்கப்பட்ட பிறகு பாரிஸ் மறைபணியாளர் சபை அந்தப் பொறுப்பை ஏற்றது. அவர்களுடைய கோயில்தான் இன்று பேராலயமாக இருக்கும் சம்பா கோயில். உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இரண்டிலும் கேளுங்கள். நெல்லித்தோப்பு, அரியாங்குப்பம் போன்ற பங்குகள் தனியாகப் பிரிந்த ஆண்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பங்கு பிறப்பதற்கு முன் இறந்தவர் தாய்ப் பங்கின் புத்தகத்தில் இருப்பார்.

பழைய புத்தகங்கள் லத்தீனில் இருக்கும். அஞ்ச வேண்டாம், பத்துப் பதினைந்து சொற்கள் திரும்பத் திரும்ப வரும், அவ்வளவுதான். ‘ஓபீத்’ என்றால் இறந்தார். ‘செபுல்துஸ்’, ‘செபுல்தா’ என்றால் அடக்கம் செய்யப்பட்டார். ‘ஃபீலியுஸ்’ மகன், ‘ஃபீலியா’ மகள், ‘உக்ஸோர்’ மனைவி, ‘விதுவா’ கைம்பெண். மாதங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. 7 என்ற எண்ணை எழுதி அதன் பின்னால் ‘பிரிஸ்’ என்று சேர்த்திருந்தால் அது ஜூலை ஆகாது, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். கடைசி அருட்சாதனங்கள், அதாவது சாகும் தறுவாயில் குருவானவர் செய்யும் சடங்குகள், பெற்று இறந்தாரா, பெறாமல் இறந்தாரா என்றும் எழுதியிருப்பார்கள். பெறாமல் என்று இருந்து, அதே வாரத்தில் அதே தெருவில் வேறு பலரும் அப்படியே இறந்திருந்தால் வாந்திபேதி என்று ஊகிக்கலாம். ஒருவர் மட்டும் அப்படி என்றால் கடலிலோ கிணற்றிலோ திடீரென்று போனவராக இருக்கலாம். முன்னும் பின்னும் இரண்டு பக்கமாவது படித்தால்தான் இது புலப்படும்.

பெயர்களை எழுதியவர் லத்தீன் ஆக்கியிருப்பார். வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் புத்தகத்தில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னெஸ், சூசை யோசேபுஸ், சவரிமுத்து சவேரியுஸ், இன்னாசி இக்னாசியுஸ், யாகப்பன் யாக்கோபுஸ். ஞானப்பிரகாசம் என்றால் அலோய்சியுஸ் என்று தேடுங்கள். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ராயப்பனைக் காணவில்லை என்று திரும்பி வந்தவர்களின் ராயப்பன் பேத்ருஸ் என்ற பெயரில் அதே பக்கத்தில் இருந்திருக்கிறார்.

அடக்கப் பதிவிலிருந்து ஞானஸ்நானப் பதிவுக்குப் போகும்போது வயதை நம்பாதீர்கள். 50, 60, 70 என்று முழு எண்ணாக இருந்தால் சொன்னவர் குத்துமதிப்பாகச் சொன்னது. அந்த வயதுக்கு இரு பக்கமும் ஐந்தைந்து ஆண்டு தேடுங்கள். ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் ஓரத்தைப் பாருங்கள். 1908 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபை ஆணைப்படி ஒருவர் திருமணம் செய்தால் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு அனுப்பப்பட்டு அங்கே பக்க ஓரத்தில் குறிக்கப்படும். எந்த ஊரில், யாரோடு, எந்த நாளில் என்பது அந்தச் சிறிய எழுத்தில் இருக்கும். ஊரைவிட்டுப் போன தம்பி எங்கே போனார் என்பதற்கு நான் கண்ட மிகச் சிறந்த ஆதாரம் இந்த ஓரக் குறிப்புதான். பங்கின் புத்தகம் அழிந்து போயிருந்தால் ஆயர் இல்லத்துக்கு எழுதுங்கள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஒவ்வோர் ஆண்டும் பதிவேட்டின் படியை மறைமாவட்டத்துக்கு அனுப்பச் சொன்னது. பல இடங்களில் அந்தப் படிதான் மிச்சம்.

இனி, புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த ஒரு செல்வத்தைப் பற்றி. பிரெஞ்சுக்காரர்களின் குடிமைப் பதிவு, ‘எத்தா சிவில்’. தொடக்கத்தில் கோயில் பதிவேடுதான் அரசுப் பதிவும். புதுச்சேரியில் அது 1676-லிருந்து கிடைக்கிறது. 1776-ல் பிரெஞ்சு அரசர் ஓர் ஆணை போட்டு, குடியேற்றப் பகுதிகளின் பதிவேடுகளுக்குப் படியெடுத்துப் பிரான்சுக்கு அனுப்பச் செய்தார். கடல் காற்றும் கரையானும் போரும் இங்கே அழித்தவை அங்கே தப்பியது இந்த ஆணையால்தான். இன்று அவை எக்ஸ் ஆன் ப்ரொவான்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான பிரெஞ்சு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறு ஆண்டைக் கடந்த பதிவேடுகள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு அதன் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் என்று ஊரையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்துத் திறக்கலாம். ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் தனித்தனிப் பதிவேடு வைத்த காலங்கள் உண்டு, இரண்டையும் பாருங்கள். ஆண்டின் கடைசிப் பக்கங்களில் அகரவரிசை அட்டவணை இருந்தால் முதலில் அதற்குப் போங்கள். நூறு ஆண்டுக்கு உட்பட்டவற்றில் பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளுக்கு நாந்த் நகரத்தில் உள்ள மையக் குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். உள்ளூரில் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளும் மற்ற ஊர்களுக்குக் கொம்யூன் பஞ்சாயத்துகளும் உண்டு. லாஸ்பேட்டையில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளையும் இருக்கிறது.

1793 முதல் 1816 வரை ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அந்த ஆண்டுகளுக்குக் குடிமைப் பதிவு கிடைக்காவிட்டால் கோயில் புத்தகத்துக்குத் திரும்புங்கள்.

பிரெஞ்சு இறப்புப் பத்திரம் ஒரே வார்ப்பில் எழுதப்படும். ஆண்டும் நாளும் மணியும் எண்ணால் இல்லாமல் எழுத்தால் இருக்கும். பதிவு அதிகாரியின் முன் இன்னின்னார் வந்தார்கள், இன்னார் இறந்ததாக அறிவித்தார்கள் என்று போகும். எந்த நோயால் இறந்தார் என்று இருக்காது. ஆனால் அறிவிக்க வந்தவர்களின் பெயர், வயது, தொழில், குடியிருப்பு, பல நேரங்களில் இறந்தவருக்கு என்ன உறவு என்பதும் இருக்கும். என் தாயாருடைய பாட்டனார் புதுச்சேரியில் இறந்தார். அவர் கடலூரில் பிறந்தவர் என்பதைத் தவிர அந்தப் பத்திரம் அவருடைய பெற்றோரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அறிவித்தவர்களில் ஒருவர் கொத்தனார், முத்தியால்பேட்டை, இறந்தவரின் மைத்துனர். மைத்துனரின் பெயரை வைத்து அவருடைய திருமணப் பதிவைத் தேடினேன். அதில் அவர் தங்கையின் பெயரும் ஊரும் வந்தன. தங்கையின் ஊர்க் கோயிலில் அவளுடைய திருமணப் பதிவு இருந்தது, அதில் மாப்பிள்ளையின், அதாவது என் தாயாருடைய பாட்டனாரின், தாய் தகப்பன் பெயர் இருந்தது. நேராகப் போயிருந்தால் சுவரில் முட்டியிருப்பேன். மைத்துனர்தான் கைபிடித்து அழைத்துப் போனார்.

சாட்சிகளின் வரியில் ‘ஃபே’ என்ற சிறு சொல்லைக் கவனியுங்கள். காலஞ்சென்ற என்று பொருள். தகப்பன் பெயருக்கு முன் அது இருந்தால் அந்தத் தேதிக்குள் தகப்பன் இறந்துவிட்டார். மகனின் திருமணத்தில் தகப்பனுக்கு அது இல்லை, மகளின் திருமணத்தில் இருக்கிறது என்றால், இரண்டு தேதிக்கும் இடையில் அவருடைய இறப்பைத் தேடலாம். பத்திரத்தின் அடியில் கையெழுத்துகளையும் பாருங்கள். பிரெஞ்சு வாசகத்துக்குக் கீழே தமிழில் கையெழுத்திட்டவர்கள் ஏராளம். தன் முன்னோரின் கைவரைந்த எழுத்தைத் திரையில் கண்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அழுதிருக்கிறேன்.

எழுத்துக்கூட்டலுக்குக் காதை நம்புங்கள். பிரெஞ்சில் ‘உ’ ஒலிக்கு ஓ, யூ என்ற இரண்டு எழுத்து சேர்ந்து வரும். முத்து, ஆறுமுகம், குப்புசாமி எல்லாம் நீண்டு தெரியும். பிள்ளை என்பது ‘புல்லே’ போல எழுதப்பட்டிருக்கும். வாய்விட்டு வாசியுங்கள், பெயர் தானே தமிழாகிவிடும்.

குடும்பப் பெயர் நடுவில் மாறியிருந்தால் 1881-ஐ நினையுங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, வழக்கமான சாதி மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கிறவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ ஆனது அப்படித்தான். உங்கள் வீட்டுப் பிரெஞ்சுக் குடும்பப் பெயரை வைத்து 1881-க்கு முன்னால் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள். துறப்புப் பத்திரத்தைக் கண்டுபிடித்து அதில் உள்ள பழைய பெயரோடு பின்னோக்கிப் போங்கள்.

கடலூர்ப் பக்கம் இத்தனை நிறைவாக இல்லை, பொறுமை கூடுதலாக வேண்டும். நகரத்துக்குள் இறந்தவர் என்றால் மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவு. 1866-ல் தொடங்கிய கடலூர் நகராட்சி 2021-ல் மாநகராட்சி ஆனது. கிராமம் என்றால், 1899-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின்கீழ்க் கிராம அதிகாரிகள் எழுதிய பதிவு. அவர்களுடைய பரம்பரைப் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டபோது புத்தகங்கள் கை மாறின. இன்று ஊரைப் பொறுத்து கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் என்று மூன்று இடத்திலும் விசாரிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பதிவேட்டில் தேடச் செய்து நகல் கேட்கலாம். இறப்பின் காரணம் மட்டும் நகலில் வராது. பதிவு இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுத்தில் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், வேறு அலுவலகத்தில் அது உதவும்.

பிராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்குக் கடலூர் பழைய ஊர். ஆங்கிலக் கம்பெனி 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியது. கீர்நாண்டர் என்ற மிஷனரி 1740 முதல் இங்கே பணி செய்து, பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை 1758-ல் கோட்டையைப் பிடித்த பிறகு கல்கத்தா போனார். டேனிஷ் மிஷனில் வளர்ந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமும் கடலூர்தான். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்தார் தங்கள் சபையின் போதகரிடம் கேளுங்கள். ஆங்கிலேயச் சாப்ளின்கள், அதாவது கம்பெனியின் குருமார், செய்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. 1698-லிருந்து தொடங்கும் சென்னை மாகாணத் தொகுதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் என்றாலும், அவர்களோடு மணஉறவு கொண்ட தமிழ்ப் பெண்களின் பெயர்களும் வருகின்றன. சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை 1905-ல் தொகுத்து அச்சிட்ட பட்டியலில் தென்னாற்காடும் இருக்கிறது. கல் இன்று இல்லாவிட்டாலும் வாசகம் அதில் இருக்கக்கூடும்.

இந்துக்களுக்கு அடக்கப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. ஆனால் புதுச்சேரியின் பிற்காலக் குடிமைப் பதிவில் மதவேறுபாடு இல்லாமல் எல்லோரும் இருக்கிறார்கள். கடலூரில் கிராமப் பதிவும் பத்திரங்களும்தான் வழி. திதி கொடுக்கும் வீடுகளில் புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார், அதை யார் நினைவில் வைத்திருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். முஸ்லிம் குடும்பத்தார் பள்ளிவாசல் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேளுங்கள். பரங்கிப்பேட்டை போன்ற பழைய ஊர்களில் மையவாடியில் யார் எந்தப் பக்கம் அடங்கியிருக்கிறார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருப்பார்கள்.

தேடினால் கிடைப்பவற்றில் சில மனத்தை வாட்டும். அடக்கப் பதிவேட்டில் பெரியவர்களுக்குச் சமமாகக் குழந்தைகள் வருவார்கள். மூன்று நாள் குழந்தை, ஒன்றரை வயது, நான்கு வயது. என் கொள்ளுப் பாட்டிக்கு இரண்டு பிள்ளைகள் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அந்த இருவருக்கும் முன்னும் இடையிலும் அவள் புதைத்த பிள்ளைகளைப் பதிவேடு ஒவ்வொருவராகப் பெயரோடு வைத்திருக்கிறது. அவர்களையும் குடும்ப மரத்தில் எழுதுங்கள். சந்ததி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய ஞானத்தந்தையும் ஞானத்தாயும் யார் என்பது உங்களுக்கு வேண்டிய தகவல், அதைவிட முக்கியம் அவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

தகப்பன் பெயர் தெரியாது என்று எழுதிய ஞானஸ்நானங்கள் வரும். தத்தெடுத்த செய்தி வரும். பெயருக்குப் பக்கத்தில் சாதி இருக்கும், வீட்டில் சொல்லி வந்ததோடு அது ஒத்துப்போகாமலும் இருக்கும். சாதிக்கு ஒரு கல்லறை என்று பிரித்து வைத்திருந்த ஊர்கள் நம்மிடையே உண்டு. அது பெரிய அநீதி, பதிவேடு அதற்குச் சாட்சி. ஆகவே ஒரு கல்லறையில் தேடி இல்லையென்றால், ஊருக்கு வெளியே இன்னொரு கல்லறை இருந்ததா என்று கேளுங்கள். இப்படிக் கிடைத்ததை உங்கள் குறிப்பில் உள்ளபடி எழுதுங்கள். உயிரோடு இருக்கும் ஒருவரைப் புண்படுத்தும் செய்தி என்றால் முதலில் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். திருமண வீட்டில் வைத்து நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள்.

ஞானஸ்நானம் இருக்கிறது, இறப்பு எங்கும் இல்லை என்றால் கப்பலை நினையுங்கள். புதுச்சேரியிலிருந்து சைகோனுக்கு எழுத்தராகவும் சிப்பாயாகவும் காவலராகவும் போனவர்கள் பலர். சைகோன் அடங்கிய கொச்சின்சீனாவின், அதாவது இன்றைய வியட்நாமின் தென்பகுதியின், குடிமைப் பதிவுகளும் அதே எக்ஸ் காப்பகத்தில் இருக்கின்றன. ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பலரும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறினார்கள். மொரிஷியஸ் போனவர்களின் குடியேற்றப் பதிவுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

கிடைத்ததை எழுதும்போது ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எந்தக் கோயிலின் எந்தப் புத்தகம், ஆண்டு, பக்கம், பதிவு எண் என்று குறியுங்கள். பெயரைப் புத்தகத்தில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே முதலில் எழுதி, வீட்டில் வழங்கும் பெயரை அடுத்த வரியில் எழுதுங்கள். சாட்சிகளுக்கும் ஞானப்பெற்றோருக்கும் தனித் தாள் போட்டு, ஒரே பெயர் இரண்டாம் முறை வருகிறதா என்று அவ்வப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை ஒரு நிலைக்கு வந்ததும் ஒரு நகலைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், புத்தகம் எண்ணும் பக்கமும் சேர்த்து. அடுத்து அந்தக் குடும்பத்திலிருந்து வருகிறவருக்காகக் கோயில்பிள்ளை பீரோவை முழுவதும் இறக்க வேண்டியிருக்காது.